இரண்டரை ஃபிரேம்

அருமனை,
18-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கீழ்வீட்டு அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை பஹ்ரைனுக்குத் திரும்புகிறார். அவர் கையில் அம்மா ஒரு கிலோ ஏத்தங்காய் சிப்ஸ் கொடுத்துவிடுகிறாள். அந்தப் பொதிக்குள் பேப்பரில் சுற்றி ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். வாட்சப்பில் போட்டால் படமும் சத்தமும் சுருங்கிப்போகும். நீ வாங்கித் தந்த கேமராவில் எடுத்தது, அதை முழுசாகவே நீ பார்க்க வேண்டும்.

போன வாரம் ஃபோனில் கேட்டாய்: "மூணு மாசமா சம்பளம் இல்லாம அந்த பேண்டுகாரங்ககூட சுத்துதியே, என்னத்தத்தான் படிச்ச?" அப்பா பக்கத்தில் இருந்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. நியாயமான கேள்விதான். பதிலை எழுதுவதுதான் நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சேர்ந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். அந்த நாட்களில் நம்ம ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். ஜங்ஷன் முழுக்க சீரியல் பல்ப், வீட்டுக்கு வீடு ஸ்டார், தினமும் ராத்திரி கேரல். பேண்டுக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை. முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை வயர் சுற்றுவது. கையிலும் முழங்கையிலும் போட்டு இறுக்கிச் சுற்றினேன். டிரம்ஸ் வாசிக்கிற ஆசான் அதைப் பிரித்துப்போட்டு, ஒரு வளையம் உள்ளே, அடுத்தது வெளியே என்று மாற்றி மாற்றிச் சுற்றிக் காட்டினார். "இறுக்கிச் சுத்துனா உள்ள கம்பி முறியும் மக்களே. பாட்டு நடுவுல கரகரன்னு வரது இப்பிடியாக்கும்" என்றார். ஒரு வாரம் அதுதான் எனக்குப் படிப்பு.

இரண்டாவது வாரம் கேமராவை எடுக்கச் சொன்னார்கள். முதல் நிகழ்ச்சியைக் கெடுத்தேன். கேமராவிலேயே இருக்கிற மைக்கை நம்பிவிட்டேன். சிங்காரி மேளத்தில் செண்டையும் இலத்தாளமும் ஏறின இடத்தில் சத்தம் எல்லாம் உடைந்து ஒரே இரைச்சல். ஷட்டரையும் கவனிக்கவில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆனதால் ஷட்டரை 1/50இல் வைத்தால் மேடை விளக்குகள் படத்தில் துடிக்காது. என் படத்தில் பாடகரின் முகத்தின் மேல் பட்டை பட்டையாக நிழல் ஓடியது. நிகழ்ச்சி நடத்தின வீட்டாருக்குக் கொடுக்க வேறு படம் கிடையாது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அக்கா. ஆசான் திட்டவில்லை. அடுத்த நாள் மிக்ஸரிலிருந்து தனியாக ஒரு லைன் எடுத்து ரெக்கார்டரில் சேர்க்கக் கற்றுக்கொடுத்தார்.

அங்கேயும் ஒரு சிக்கல். அதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. மைதானத்தில் மிக்ஸர் பக்கம், மேடையிலிருந்து ஏறக்குறைய 35 மீட்டர் தள்ளி, கேமராவை நிறுத்தியிருந்தேன். வீட்டுக்கு வந்து மிக்ஸர் சத்தத்தையும் கேமரா மைக்கில் விழுந்த கைதட்டலையும் சேர்த்தால், எல்லா அடியும் இரண்டிரண்டாகக் கேட்டது. சத்தம் நொடிக்கு 340 மீட்டர்தானே போகும். மேடையில் குச்சி விழுந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு கழித்துத்தான் என் மைக்குக்கு வந்திருக்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் அது இரண்டரை ஃபிரேம். கேமரா சத்தத்தை அந்த அளவுக்கு முன்னால் நகர்த்தினேன், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று போய் உட்கார்ந்துகொண்டது. பத்தாம் வகுப்பில் இந்த 340ஐ மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். அது என் காதுக்குள் வந்தது இந்த ஜனவரியில்தான்.

ஆனால் உண்மையான பாடம் மேடைக்கு மேலே கிடைத்தது. பிப்ரவரியில் ஒரு நாள் பாஸ் கிட்டார் வாசிக்கிறவருக்குக் காய்ச்சல். சர்ச் கொயரில் நான் வாசிப்பது ஆசானுக்குத் தெரியும். "நீ நில்லு" என்றார். கேமராவை டிரைபாடில் பூட்டிவிட்டு ஏறினேன். கீழே நின்று படம் எடுத்தபோது எனக்குத் தெரியாத ஒன்றை அங்கே பார்த்தேன். பல்லவி முடிந்து இண்டர்லூடுக்குப் போகிற இடத்தில், இண்டர்லூடு முடிந்து சரணத்துக்குத் திரும்புகிற இடத்தில், எல்லோருடைய கண்ணும் ஆசான் பக்கம் திரும்புகிறது. அரை நொடி. கீபோர்டு அக்கா புருவத்தை உயர்த்துகிறாள், தபலாக்காரர் தலையை ஆட்டுகிறார், பாட்டு அடுத்த படியில் ஏறிவிடுகிறது. நான் அதுவரை பாடகரின் முகத்தையே எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நிகழ்ச்சியிலிருந்து ஆசானின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். பாட்டு எனக்குத் தெரிந்ததால் தபலா தனியாக வரும் இடத்துக்கு நாலு கவுண்டு முன்பே கேமராவைத் திருப்புகிறேன். வாசிக்கத் தெரியாதவன் சத்தம் வந்த பிறகுதான் திரும்புவான். நான் என்ன படித்தேன் என்றால், இதைத்தான் படித்தேன்.

இப்போது மலையாளக் கணக்கில் கும்பம், மீனம் மாதங்கள். கோயில் திருவிழா சீசன். பனச்சமூடு தாண்டி கேரளத்து வெள்ளறடைப் பக்கம் போனால் பக்திப் பாட்டில் தொடங்கி பழைய மலையாளப் பாட்டுக்குப் போக வேண்டும், இந்தப் பக்கம் வந்தால் இளையராஜா. சில இடத்தில் ஒரே கூட்டம் இரண்டையும் கேட்கும். நம் விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. எங்கள் கானமேளாக் கச்சேரிக்கு அந்த எல்லைக்கோடு இன்னும் தெரியாது. கூலி விஷயத்தையும் மறைக்கவில்லை: இந்த மாதத்திலிருந்து நிகழ்ச்சிக்கு ஐந்நூறு ரூபாயும் சாப்பாடும். முன்பெல்லாம் விடிய விடியக் கச்சேரி நடக்குமாம். இப்போது பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு விசேஷ அனுமதி கிடைத்தாலும் நடுராத்திரியோடு சரி. நேரம் குறைந்ததில் பேசுகிற தொகையும் குறைந்துவிட்டது என்கிறார் ஆசான்.

நிகழ்ச்சி வீடியோவை யூட்யூபில் போட்டாலும் காசு வராது. சினிமாப் பாட்டு, உடனே காப்பிரைட் கிளெய்ம் வரும், விளம்பரக் காசு கம்பெனிக்குப் போகும். 2017இல் அமெரிக்காவில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த எஸ்.பி.பி.க்கே இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. அது சரியா தவறா என்று வேனில் ஒவ்வொரு ராத்திரியும் சண்டை நடக்கும். எனக்கென்னவோ பாட்டு உண்டாக்கினவனுக்கு அந்தப் பாட்டில் உரிமை உண்டு என்றுதான் படுகிறது. ஆசான் ஒருநாள் எல்லார் பேச்சையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப நமக்குன்னு ஒரு பாட்டு வேணும்."

பென்டிரைவில் இருப்பது அந்தப் பாட்டு. ரப்பர் பால்வெட்டைப் பற்றியது. படத்தில் பால் வெட்ட யாராவது வேண்டும் என்றபோது நான் அப்பாவின் பேரைச் சொன்னேன். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு "என் வேலைக்கு இடைஞ்சல் பண்ணாம நில்லு" என்றார்.

அக்கா, நிகழ்ச்சி முடிந்து சாமான் இறக்கிவிட்டு நான் வீட்டுக்கு வருவது விடியக்காலை மூன்றரை. அப்பா ஹெட்லைட்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்புகிற நேரமும் அதுதான். மூன்று மாதமாக வாசலில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். அன்று நான் வீட்டுக்குள் போகாமல் அப்படியே அவர் பின்னால் நடந்தேன். தோட்டத்தில் அவர் ஹெட்லைட் வெளிச்சம் தவிர வேறொன்றும் இல்லை. முந்தின வெட்டில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் நீளமாக உரித்தார். அது பிரியும்போது ஒரு சத்தம் வரும், துணி கிழிகிற மாதிரி. பிறகு கத்தி பட்டையில் சாய்வாக இறங்கியது. குட்டிக் குட்டித் தள்ளலாக, நிற்காமல். நான் ஹெட்போன் மாட்டியிருந்தேன். எண்ணிப் பார்த்தேன். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் அந்த வேகம் மாறவே இல்லை. பால் சிரட்டையில் விழுகிற முதல் சொட்டையும் பிடித்துவிட்டேன்.

அதைக் கொண்டுபோய் ஆசானுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். கத்தியின் தாளத்திலேயே பாட்டை வைத்துவிட்டார். தொடக்கத்தில் நாற்பது நொடி வாத்தியமே கிடையாது. அப்பாவின் கத்தி மட்டும்தான். அதன் மேல் பாஸ் ஏறும். அந்த பாஸ் நான் வாசித்தது.

தன் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போகத் தொடங்கியபோது இளையராஜாவுக்கு 14 வயது. ஏ.ஆர். ரஹ்மானின் அப்பா ஆர்.கே. சேகர் 1976இல் இறந்த பிறகு அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. நான் அவர்களைப் போல் ஆவேன் என்று சொல்ல இதை எழுதவில்லை. வாத்தியம் தூக்குவதும் வேனில் தூங்குவதும் வீணாய்ப் போன காலம் இல்லை என்று அப்பாவுக்கு நான் சொன்னால் வாதாடுகிற மாதிரி இருக்கும். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிற வேலைக்கு அப்பா பேசி வைத்திருக்கிறார். ஏப்ரல் முதல் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மீனம் முடிய இன்னும் பதினோரு நிகழ்ச்சி பாக்கி இருக்கிறது. மழை தொடங்கினால் எப்படியும் பேண்டுக்கு வேலை கிடையாது, அப்போது நானே போய்க் கடைக்காரரிடம் கேட்கிறேன்.

முதலில் வீடியோவைப் பார். ஹெட்போன் போட்டுப் பார், ஃபோன் ஸ்பீக்கரில் கத்தியின் சத்தம் கேட்காது. பார்த்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஃபோன் போடும்போது, மீனம் முடிகிற வரைக்கும் என்னை இங்கே விடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னால் கேட்பார்.

உன் தம்பி