அண்ணனோட துப்பாக்கி, அண்ணியோட பட்ஜெட்

டிஸ்கி: யாரையும் ஆயுதம் வாங்கச் சொல்லி இதை எழுதலை. தூரத்துல இருக்கற காகிதத்துல சரியான எடத்துல ஓட்டை போட ஒரு மனுஷன் எவ்வளவு செலவு பண்ணலாம்ங்கற கணக்குதான் இது. தைரியமா படிக்கலாம் :-)

"தம்பி, நீங்க பி.காம் தானே? எனக்கு ஒரு கணக்கு போட்டுக் குடுங்க."

போன டிசம்பர்ல அண்ணி டல்லாஸ்ல இருந்து போன் பண்ணினப்ப, ஏதோ டாக்ஸ் சமாச்சாரம்னு நினைச்சேன். கேட்டா, பெரியப்பா பையன் ரைஃபிள் வாங்கப் போறாராம்! அண்ணனுக்கு க்ரீன் கார்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. (எச்1 விசாவுல இருக்கறவங்க அங்க துப்பாக்கி வெச்சுக்க சட்டம் பொதுவா அனுமதிக்காது, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு.) ஆபீஸ் நண்பர்களோட ரேஞ்சுக்குப் போய் 1000 கஜம் சுடறதைப் பாத்துட்டு வந்ததுல இருந்து மனுஷன் தூங்கலையாம். ரெண்டு வருஷமா தனியா சேத்து வெச்ச 3500 டாலர் கையில இருக்கு. அண்ணன் போட்ட லிஸ்ட்: ரைஃபிள் 1100, ஸ்கோப் 2100, மவுண்ட், பைபாட் எல்லாம் சேத்து 300. கூட்டிப் பாருங்க, சரியா 3500.

எங்கிட்ட கேக்க ரெண்டு காரணம். ஒண்ணு, காமர்ஸ். இன்னொண்ணு, குடும்பத்துலயே துப்பாக்கியைத் தொட்ட ஒரே ஆளு நான். காலேஜ் என்.சி.சி.ல .22 ரைஃபிள், 25 கஜம், படுத்துக்கிட்டு அஞ்சு ரவுண்டு. அங்க இருந்த ஹவில்தார் முதல் நாளே சொல்லிட்டாரு: "நடுவுல அடிக்கணும்னு யாரும் ட்ரை பண்ணாதீங்க. அஞ்சும் ஒரே எடத்துல விழட்டும். அதை நடுவுக்குக் கொண்டு வர்றது என் வேலை." இதுக்குப் பேரு குரூப்பிங். 25 கஜமோ 1000 கஜமோ, பாடம் ஒண்ணுதான்.

தூரம் கூடினா என்ன ஆகுதுன்னு முதல்ல பாத்துடலாம். ஒரு டிகிரியை 60 பங்கு போட்டா ஒரு பங்கு ஒரு மினிட், அதாவது எம்.ஓ.ஏ. 100 கஜத்துல அது ஒரு இன்ச்சும் கொஞ்சமும். 1000 கஜத்துல பத்தரை இன்ச். 100 கஜத்துல ஒரு இன்ச்சுக்குள்ள குரூப் போடற ரைஃபிளை நல்ல ரைஃபிள்னு சொல்வாங்க. இன்னைக்கு நடுத்தர விலை ரைஃபிள்களே நல்ல தோட்டா போட்டா அதைச் செய்யுது. ரைஃபிள் விஷயம் அவ்வளவு சிக்கலே இல்லைங்க.

சிக்கல் குண்டு கிளம்பினதுக்கு அப்புறம். 1952ல வந்த .308 வின்செஸ்டரை எடுத்துக்குவோம். 100 கஜத்துக்கு செட் பண்ணின துப்பாக்கியை அப்படியே 1000 கஜத்துக்கு நீட்டினா, குண்டு குறிக்குக் கீழ ஏறத்தாழ 400 இன்ச் தள்ளிப் போய் விழும். 33 அடி, மூணு மாடி உயரம்! அது கூட பரவாயில்லை, புவியீர்ப்பு விசை தினமும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். ஒரு தடவை கணக்குப் போட்டு ஸ்கோப்பைத் திருப்பிக்கலாம். ஆனா மணிக்கு 10 மைல் குறுக்குக் காத்து அடிச்சா அதே குண்டு ஏழெட்டு அடி பக்கவாட்டுல போகும். காத்து 8 மைலா 10 மைலாங்கறதைத் தப்பா எடை போட்டாலே ஒன்றரை அடி போச்சு. இதுல தோட்டாவோட பங்கு வேற. ஒரே பெட்டியில ரெண்டு தோட்டாவுக்கு நடுவுல வினாடிக்கு 30 அடி வேக வித்தியாசம் இருந்தாக்கூட அந்தத் தூரத்துல கிட்டத்தட்ட ஒரு அடி மேலயும் கீழயும் ஆயிடும்.

இதுல எதையும் 2100 டாலர் ஸ்கோப் தீர்க்காதுன்னு அண்ணன்கிட்ட சொன்னேன். "உனக்கு என்னடா தெரியும், 25 மடங்கு ஜூம் இருக்கு அதுல"ன்னாரு. டெக்சாஸ் வெயில்ல தரையில இருந்து கானல் கிளம்பும்போது 25 மடங்குல டார்கெட் கொதிக்கற சாம்பார் மாதிரிதான் தெரியும். அனுபவசாலிகளே 12, 15னு இறக்கி வெச்சுக்கிட்டு சுடுவாங்க.

அண்ணனுக்கு நான் சொன்ன கதை ஒண்ணு. 1874ல நியூயார்க் பக்கத்துல க்ரீட்மோர்ங்கற மைதானத்துல அமெரிக்காவுக்கும் அயர்லாந்துக்கும் போட்டி நடந்துச்சு. தூரம் 800, 900, 1000 கஜம். யாருக்கும் ஸ்கோப் கிடையாது; ஓட்டை வழியா பாக்கற இரும்பு சைட்தான். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. ஐரிஷ் வீரர் ஒருத்தர் பக்கத்து டார்கெட்ல புல்ஸ்ஐ அடிச்சுட்டாரு, அதுக்கு மார்க் கிடையாது. புல்ஸ்ஐக்கு 4 பாயிண்ட். நீங்களே கழிச்சுக் கூட்டிப் பாத்துக்கோங்க! அண்ணன் ஆசைப்படற 6.5 க்ரீட்மோர் தோட்டாவுக்கு (2007ல வந்தது) பேரு வந்ததே அந்த மைதானத்துல இருந்துதான்.

அப்போ ஸ்கோப்ல எதைப் பாக்கணும்? என்னைக் கேட்டா, ஜூம் கடைசி. முதல்ல, திருப்பினா திருப்பின அளவுக்கு நகரணும், திரும்ப ஜீரோவுக்கு வந்தா அதே எடத்துக்கு வரணும். அடுத்து, எவ்வளவு தூரம் திருப்ப முடியும். 1000 கஜத்துக்கு .308க்கு 40 எம்.ஓ.ஏ கிட்ட மேல ஏத்தணும். மொத்தம் 60 எம்.ஓ.ஏ நகரும்னு பெட்டியில போட்டிருக்கற ஸ்கோப்பை சாதாரண பேஸ்ல மாட்டினா, ஜீரோ நடுவுல நிக்கும், மேல ஏத்த 30தான் மிச்சம். அதுக்குத்தான் 20 எம்.ஓ.ஏ சாய்வா வெட்டின பேஸ் விக்கறாங்க. அதைப் போட்டா 50 கிடைக்கும். சின்ன இரும்புத் துண்டு, ஆனா அது இல்லாம அண்ணனோட 1000 கஜக் கனவு 800லயே நின்னிருக்கும். அண்ணன் லிஸ்ட்ல அது இல்லவே இல்லை.

அப்புறம் பாரலாக்ஸ். பைக்ல பின்னாடி உக்காந்து ஸ்பீடோமீட்டர் பாத்தா ஓட்டறவருக்கு 40 காட்டற முள்ளு நமக்கு 45 மாதிரி தெரியும்ல, அதே கதை. கண்ணு கொஞ்சம் நகர்ந்தா குறுக்குக் கோடு டார்கெட் மேல நகர்ந்த மாதிரி தெரியும். அதைச் சரி பண்ண ஸ்கோப் பக்கவாட்டுல ஒரு திருகு இருக்கணும். உள்ள இருக்கற கோடு மில் கணக்குல இருந்தா திருகும் மில் கணக்குல இருக்கணும். ஒண்ணு மில், ஒண்ணு எம்.ஓ.ஏன்னு வாங்கினா ரேஞ்சுல படுத்துக்கிட்டு வகுத்தல் கணக்கு போட வேண்டியதுதான்.

சரி, இப்ப நம்ம சப்ஜெக்ட். அண்ணனோட லிஸ்ட் முழுக்க ஃபிக்ஸட் காஸ்ட். வேரியபிள் காஸ்ட் பூஜ்யம்! தோட்டாவை யாரு குடுப்பா? நல்ல மேட்ச் தோட்டா ஒண்ணு ரெண்டு டாலர்னு வெச்சுக்கோங்க. மாசம் 60 ரவுண்டு, வருஷம் 720. 1440 டாலர் ஆச்சு. அடுத்து டெப்ரிசியேஷன். கார் மாதிரி வருஷத்துக்கு இத்தனை சதவீதம்னு பேரலுக்குப் போட முடியாது. அது வயசால தேயறதில்லை, சுடச்சுடத்தான் தேயும். செகண்ட் இயர்ல படிச்ச யூனிட்ஸ் ஆஃப் புரொடக்‌ஷன் மெத்தட் ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு அப்புறம் அது எனக்கு உதவினது இங்கதான். 6.5 க்ரீட்மோர் பேரல் நல்ல நிலைமையில சுமார் 2500 ரவுண்டு, .308 சுமார் 5000. புதுப் பேரல் மாட்ட கூலியோட அண்ணன் விசாரிச்ச விலை 750. அப்ப ஒவ்வொரு தடவை ட்ரிக்கரை அழுத்தும்போதும் 6.5ல 30 சென்ட், .308ல 15 சென்ட் பேரல்ல இருந்தே கழியுது. தோட்டா விலை தனி.

இதையெல்லாம் அண்ணிக்கு அனுப்பினேன். அவங்க படிச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "இதெல்லாம் சரி தம்பி. அது வீட்ல எங்க இருக்கும்?"

அவங்க பொண்ணுக்கு நாலு வயசு. அலமாரியில மேல் தட்டுல வெச்ச பிஸ்கட் டப்பாவை ஸ்டூல் போட்டு எடுக்கற வயசு. எனக்கு அதுக்கப்புறம்தான் உறைச்சது, அண்ணி ஆரம்பத்துல இருந்தே பணத்தைப் பத்திக் கேக்கவே இல்லைன்னு. பணக் கணக்குன்னு சொன்னா புருஷன் காது குடுப்பாரு, பயம்னு சொன்னா சிரிப்பாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

அண்ணன்கிட்ட கேட்டா, "கூடவே கேபிள் பூட்டு தர்றாங்கடா, போதும்"னாரு. நான் ஒத்துக்கலை. எங்க யூனிட்ல ரைஃபிளை கோத்துல இருந்து எடுக்கும்போது கையெழுத்து, திரும்ப வைக்கும்போது கையெழுத்து, சுட்ட கேஸ் எண்ணிக் குடுக்காம ஒருத்தரும் நகர முடியாது. இத்தனைக்கும் அங்க எல்லாரும் காலேஜ் பசங்க, நாலு வயசுக் குழந்தை யாருமில்லை. சுவத்துல போல்ட் போட்டு இறுக்கின ஸ்டீல் சேஃப், தோட்டா வேற பூட்டுல, ரைஃிள் போல்ட்டைக் கழட்டி தனியா. இது லிஸ்ட்ல முதல் வரி, இதுக்கு மீதியிலதான் மத்ததுன்னு சொல்லிட்டேன். தம்பி முறைக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ரெண்டு வாரம் அண்ணன் எங்கூட பேசலை.

நான் போட்ட லிஸ்ட் இதுதான்: சேஃப் 500, நல்ல போல்ட் ஆக்‌ஷன் .22 ரைஃபிள் 500, ஸ்கோப் 800, பேஸ், ரிங், பைபாட் 200, ஒரு வருஷத் தோட்டா 200. மொத்தம் 2200. மிச்சம் 1300 அடுத்த வருஷம் பெரிய ரைஃபிளுக்கு.

.22ஆன்னு அண்ணன் முகம் சுளிச்சது வீடியோ கால்லயே தெரிஞ்சுது. "சின்னப் பசங்க சுடறதுடா அது." விஷயம் என்னன்னா, .22 குண்டு மெதுவா போகும். டார்கெட் தோட்டா ஒலியோட வேகத்துக்குக் கீழதான் கிளம்பவே கிளம்பும். 50 கஜத்துக்கு செட் பண்ணிட்டு 200 கஜத்துக்குச் சுட்டா ஏறத்தாழ 4 அடி கீழ விழும். 10 மைல் குறுக்குக் காத்து ஒரு அடிக்கு மேல தள்ளும். அதாவது .308 ரொம்பத் தூரத்துல குடுக்கற அதே தலைவலியை .22 இருநூறு கஜத்துலயே குடுக்குது. ஸ்கோப்பைத் திருப்பறது, காத்தைப் படிக்கறது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தறது, எல்லாப் பயிற்சியும் 15 சென்ட்ல. 720 ரவுண்டுக்கு 108 டாலர்! லிஸ்ட்ல 200 போட்டது ஏன்னா, நாலஞ்சு பிராண்ட் வாங்கிச் சுட்டுப் பாத்து அந்தத் துப்பாக்கிக்கு எது ஒத்து வருதுன்னு கண்டுபிடிக்கணும். .22 அந்த விஷயத்துல ரொம்ப அடம் பிடிக்கும்.

800 டாலர் ஸ்கோப்பை 500 டாலர் ரைஃபிள் மேல மாட்டறது கண்ணுக்கு அசிங்கமா தெரியலாம். ஆனா ஸ்கோப் தேயாது. நாளைக்குப் பெரிய ரைஃபிள் வந்தா கழட்டி அதுல மாட்டிக்கலாம். ஒரே ஒரு கண்டிஷன்: பாரலாக்ஸ் திருகு 25 கஜம் வரைக்கும் இறங்கணும். பல பெரிய ஸ்கோப் 50லயே நின்னுடும்.

மூணாவது வாரம் அண்ணனே போன் பண்ணினாரு. சேஃப் வந்து சுவத்துல மாட்டியாச்சாம். நம்பர் ரெண்டு பேருக்குத்தான் தெரியுமாம். பிப்ரவரியில .22 வந்துச்சு, மார்ச்சுல ஸ்கோப்.

ஸ்கோப் வந்ததும் ஒரு குண்டு கூட சுடறதுக்கு முன்னாடி நான் செய்யச் சொன்ன வேலை ஒண்ணு இருக்கு. 100 கஜத்துல ஒரு அளவு டேப்பைச் செங்குத்தா ஒட்டணும். ரைஃபிளை அசையாம இறுக்கி வெச்சுட்டு, ஸ்கோப்பை 20 எம்.ஓ.ஏ திருப்பணும். உள்ள இருக்கற குறுக்குக் கோடு டேப்புல 20.9 இன்ச் நகரணும். அண்ணன் மூணு தடவை பாத்தாரு. மூணு தடவையும் இருபதரை. ரெண்டு சதவீதம் கம்மி. 200 கஜத்துல அது பெருசா தெரியாது. 1000 கஜத்துக்கு 40 திருப்பும்போது கிட்டத்தட்ட 9 இன்ச் கீழ போயிடும். திருப்பி அனுப்பட்டுமான்னு கேட்டாரு. மூணு தடவையும் ஒரே மாதிரி தப்பு பண்ணுது, அதனால வேண்டாம்னேன், கணக்குல சேத்துக்கலாம். 1.02ஆல பெருக்கணும்னு ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி ரைஃபிள் கட்டை மேல ஒட்டி வெச்சிருக்காரு. அடுத்த வருஷம் .308ஆ 6.5ஆங்கற சண்டை இன்னும் முடியலை. காத்துக்கு 6.5 நல்லது, பேரல் கணக்குக்கு .308 நல்லது. நான் .308 பக்கம்.