பக்கத்து வண்டியின் ஜன்னல் கம்பி

சென்ட்ரலில் கிளம்பிய வண்டி யானைக்கவுனி பாலத்துக்கு அடியில் வரும்போது, சில நாள் பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயிலும் கூடவே வரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம். அதன் ஜன்னல் கம்பி ஒன்று நம் ஜன்னலைத் தாண்டவே அரை நிமிஷம் ஆகும். அப்போது பெட்டி குலுங்கும். கம்பி முன்னே போகும், பின்னே வரும், மறுபடி முன்னே போகும். முதல் முறை தாண்டியதே கணக்கு என்பான் தம்பி. கடைசியாகத் தாண்டியதுதான் என்பேன் நான். பேசின் பிரிட்ஜ் வந்தும் தீராது.

பிற்பாடு அந்தச் சண்டையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு போட்டேன்.

இரண்டு மின்னணுக் கடிகாரங்கள், 125 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு 8 நானோநொடி. இரண்டுக்கும் நடுவிலுள்ள துளி வித்தியாசத்தை நேராக எண்ண முடியாது. அதனால் ஒரு துளி மந்தமான மூன்றாவது கடிகாரம்: அவை 16,385 முறை துடிக்கும்போது இது 16,384 முறைதான். பிளிப்-பிளாப் வழியே இது ஒவ்வொரு துடிப்பிலும் அவற்றை எட்டிப் பார்த்து, 0 அல்லது 1 என்று குறிக்கும். பார்வைக்குப் பார்வை அரை பிகோநொடி நழுவும். வித்தியாசம் பதினாறாயிரம் மடங்கு நீண்டு, சாதாரண எண்ணிக்கே அகப்பட்டுவிடும். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் பிறந்த ஒயிட் ராபிட் என்ற அமைப்பு, கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்கும் கடிகாரங்களை ஒரு நானோநொடிக்குள் ஒத்துப்போக வைப்பது இந்த உத்தியின் துணையோடுதான்.

ஆனால் குலுங்கல் இங்கேயும் உண்டு. நழுவுவது அரை பிகோநொடி. துடிப்பின் விளிம்பு நடுங்குவதோ பல பிகோநொடி. 0 ஒழுங்காக 1 ஆகாது. 0, 1, 0, 0, 1, 0, 1, 1 என்று தடுமாறும். இந்தத் தடுமாற்றம்தான் கிளிட்ச்.

நான் தம்பி கட்சிக்கு மாறி, முதல் 1-ஐ எடுத்தேன். அளவு ஒரு பக்கமாக ஒதுங்கியது. இரண்டு கடிகாரத்துக்கும் ஒரே பிழை என்றால் கழித்தலில் போய்விடும். ஆனால் இரண்டில் ஒன்று தூரத்திலிருந்து கண்ணாடி இழை வழியே வந்தது; அது கூடுதலாக நடுங்குமே! நடுக்கம் கூடக் கூட முதல் 1 முந்திக்கொள்ளும். கடைசி 0-ஐ எடுத்தாலும் அதே கதை, எதிர்ப்பக்கம்.

"குலுங்க ஆரம்பிச்சது எங்கே, அடங்கினது எங்கேன்னு பாருப்பா. நடுவுலதான் தாண்டியிருக்கும்" என்றார் பிரிவில் மூத்தவர். அப்படியே செய்தோம். வரிசையாக 0 மட்டும் வந்து நிலைக்கும்வரை காத்திருப்பது, தடுமாற்றத்தைக் குறித்துக்கொள்வது, வரிசையாக 1 வந்து அடங்கியதும் நடுப்புள்ளியை எடுப்பது. அளவு நிலைத்தது.

தம்பியிடம் சொன்னேன். முதல் முறை தாண்டியதே கணக்கு என்கிறான் இன்னும்.