மச்சானின் ஞாயிற்றுக்கிழமை



பிட்டு அவிக்கும்போது நீங்கள் கவனித்திருப்பீர்கள். பானைத் தண்ணீர் கொதித்து ஆவி வந்ததும் குழலின் மூடி மெல்ல ஆடத் தொடங்கும். அதே ஆவியை வெளியேற வழியில்லாமல் ஒரு இரும்புக் கலத்தில் அடைத்து, சிறு குழாய் வழியாக மட்டும் போகவிட்டால் அது ஒரு தண்டை முன்னும் பின்னும் தள்ளும். தண்டு சக்கரத்தைச் சுழற்றும். நீராவி ரயில் என்பது இவ்வளவுதான். இதை எனக்குச் சொல்லித் தந்தது எந்தப் பாடப்புத்தகமும் இல்லை. என் மூத்த ராத்தாவின் கணவர், என் மச்சான், அவர்கள் வீட்டு அடுப்படியில் பிட்டுக் குழலைக் காட்டிச் சொல்லித் தந்தார். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். ரயிலை நான் கண்ணால் கண்டதே இல்லை.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ரயில் எட்டாத பொருள்தான். இலங்கையில் முதல் ரயில் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. மட்டக்களப்புக்குப் பாதை வந்தது 1928 இல். அத்தோடு நின்றுவிட்டது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று நம் ஊர்களுக்கு ஒரு தண்டவாளம்கூட வரவில்லை. போர்க்காலத்தில் மட்டக்களப்புக்கு வந்த ரயிலும் பல வருடங்கள் வராமல் இருந்து 2003 இல்தான் மீண்டும் வந்தது. நான் அரபுக் கல்லூரிக்குப் போன வயதில், பேராதனைச் சந்தியில்தான் முதன்முதலாக ஒரு ரயிலைப் பார்த்தேன். நீராவி ரயில் அல்ல, டீசல்.

மச்சான் ஹிங்குரான சீனித் தொழிற்சாலையில் பொயிலர் பகுதியில் வேலை பார்த்தவர். கரும்பைப் பிழிந்த சக்கைதான் அங்கே விறகு. வீரமுனையில் நின்று பஸ் ஏறுவார். வீரமுனையைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர் ஒருவர் அவருக்கு உடன்வேலையாள். யார் முதலில் ஏறுகிறாரோ அவர் மற்றவருக்கு இடம் பிடித்து வைப்பார். 1990களின் பிற்பகுதியில் ஆலை மூடப்பட்டுப் பல வருடங்கள் அப்படியே கிடந்தது. மச்சானும் சும்மா இருந்தார், அங்கொரு வேலை, இங்கொரு வேலை பார்த்தார். பின்னர் மகளும் மருமகனும் ஆஸ்திரேலியாவில் மெல்பேர்ன் நகருக்குப் போய் நிலைபெற்று, தாயையும் தகப்பனையும் அழைத்துக்கொண்டார்கள். அங்கேதான் ராத்தா வபாத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ராத்தாவின் வீடு உம்மாவின் வளவுக்குள்ளேயே இருக்கிறது. நான்கு வருடமாக அது பூட்டிக் கிடக்க, உம்மாவுக்கு ஒரே கவலை. "அந்த மனிசன் அன்னிய ஊரில தனிச்சுப்போய்க் கிடக்கிறார். போய்க் கூட்டிட்டு வா" என்று என்னை அனுப்பினார்கள். அவருக்கு ஒரு நிக்காஹ்கூட மனதுக்குள் பேசி முடித்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் கிடைத்தது. புறப்பட்டேன்.

நான் கண்ட மச்சான் உம்மா சொன்ன மச்சான்தான். மகள் வேலைக்குப் போவாள், பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டில் இருப்பார்கள், அவர் ஜன்னலோரக் கதிரையில் இருப்பார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை சுபஹ் தொழுததும் மனிதர் நீலநிற ஓவரோல் ஒன்றை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாலையில் கரியும் எண்ணெயுமாகத் திரும்பினார். எங்கே போகிறார் என்று மருமகளிடம் கேட்டேன். "சின்ன ரயில் ஓட்டப் போறார் மாமா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு அவரிடம் பேசினேன். பேசினேன் என்பதைவிட பயான் செய்தேன் என்பதுதான் சரி. எழுபது வயதில் ஒரு மூமின் தன் நேரத்தை எதில் செலவழிக்க வேண்டும், வீண் விளையாட்டு என்றால் என்ன என்று இருபது நிமிடம் சொல்லியிருப்பேன். அவர் குறுக்கிடவில்லை. முடிந்ததும், "தம்பி, அடுத்த ஞாயிறு நீங்களும் வந்து பாருங்கவன்" என்றார். அவ்வளவுதான்.

போனேன். மெல்பேர்னின் வடகிழக்கே எல்தம் என்ற இடத்தில் ஒரு பூங்கா. அதற்குள் டயமண்ட் வேலி ரயில்வே என்ற சிறு ரயில் பாதை 1960களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஏழே கால் அங்குலம், ஒரு சாண்கூட இல்லை. நம் நாட்டு அகலப் பாதை ஐந்தரை அடி என்பதை நினைத்துப் பாருங்கள். அதில் ஓடும் எஞ்ஜின்களில் டீசல் போன்றவையும் உண்டு, உண்மையாகவே நெருப்பும் தண்ணீரும் கொண்டு ஓடுகிற நீராவி எஞ்ஜின்களும் உண்டு. பெட்டிகளின் மேல் குதிரையில் உட்காருவதுபோல் இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும். குழந்தைகள், தாய்மார், பாட்டிமார் எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்து போகிறார்கள். சிறு கட்டணம் உண்டு.

இதை நடத்துகிறவர்களில் ஒருவருக்கும் சம்பளம் இல்லை. எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. டிக்கட் கொடுக்கிற பெண், கொடி காட்டுகிற கிழவர், தண்டவாளத்தின் கீழே சல்லி நிரப்புகிற பையன், எல்லோரும் அங்கத்தவர்கள். ஓய்வுபெற்றவர்களும் இருக்கிறார்கள், வார நாட்களில் வேறு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். டிக்கட் பணம் பாதைக்கும் வண்டிகளுக்கும் போய்விடுகிறது.

இப்படியொரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் டாலிலின் என்றொரு சிறு ரயில் பாதை, கற்பலகை ஏற்றுவதற்காக 1865 இல் வந்தது. அது மூடப்படும் நிலைக்கு வந்தபோது 1950 இல் சிலர் ஒரு கூட்டம் போட்டு, 1951 இல் சம்பளம் வாங்காத தொண்டர்களாகவே ஓட்டத் தொடங்கினார்கள். உலகில் தொண்டர்கள் காப்பாற்றி ஓட்டிய முதல் ரயில் பாதை அதுதான். மெல்பேர்னிலும் பஃபிங் பில்லி என்ற மலை ரயில் இருக்கிறது. 1953 இல் மண்சரிவு பாதையை அடைத்தது, அரசாங்கம் ரயிலை நிறுத்திவிட்டது. பொதுமக்கள் 1955 இல் சங்கம் அமைத்தார்கள். 1962 இல் மீண்டும் ஓட்டினார்கள். வாரத்தின் நடுவில் மருமகளின் பிள்ளைகளோடு அதிலும் போனேன். அதன் பாதையின் அகலம் இரண்டரை அடி. நம் களனிவெளிப் பாதையும் 1990களில் அகலமாக்கப்படும்வரை இதே அகலம்தான். அந்தக் களனிவெளிப் பழைய எஞ்ஜின்களில் சிலவற்றை நாம் கடுகண்ணாவை ரயில் நூதனசாலையில் பார்க்கலாம். 2014 இல் திறந்தார்கள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போக நல்ல இடம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஒரு சின்னச் சவாரிக்கு எவ்வளவு வேலை! முதலில் பழைய சாம்பலை வழித்தெடுக்க வேண்டும். பொயிலரில் தண்ணீர் நிரப்பி, விறகுத் துண்டுகளில் நெருப்பு மூட்டி, பிறகு கரி போட வேண்டும். ஆவி திரள ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் அசைகிற இடம் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட வேண்டும். மச்சான் முழங்காலில் நின்று இதையெல்லாம் செய்தார். வீட்டில் கதிரையிலிருந்து எழும்பவே கைகொடுக்க வேண்டிய மனிதர் அவர். பொயிலர் சின்னது என்பதால் ஆபத்தும் சின்னது என்று எண்ணிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் இந்தச் சிறு பொயிலர்களுக்கென்றே தனியாகப் பாதுகாப்பு விதிக்கோவை வைத்திருக்கிறார்கள். பரிசோதித்து அத்தாட்சிப் பத்திரம் கொடுத்தால்தான் நெருப்பு மூட்டலாம்.

பகல் பன்னிரண்டு மணியளவில் நீண்ட வரிசை. ஒரு பிறந்தநாள் கூட்டம் வேறு வந்திருந்தது. எஞ்ஜினை ஓட்டியது ஓர் இளைஞன், மச்சான் பக்கத்தில் நின்றார். பொயிலரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முன்னால் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் மட்டம் இறங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் உள்ளே தள்ளுகிற கருவி பிடிக்கவில்லை. இளைஞன் இரண்டு, மூன்று தடவை முயன்றான். பிள்ளைகள் பெட்டிகளில் ஏறி உட்கார்ந்தாயிற்று. "இந்த ஒரு சுற்றுப் போய் வந்து பார்ப்போமே" என்ற தோரணையில் அவன் மச்சானைப் பார்த்தான்.

மச்சான் தலையை ஆட்டினார். எல்லோரையும் இறக்கச் சொல்லிவிட்டு, கம்பியை எடுத்து எரிகிற நெருப்பு முழுவதையும் கீழே இழுத்துப் போட்டார். இரண்டு மணி நேர வேலை ஒரு நொடியில் சாம்பல். பிறந்தநாள் பிள்ளை அழுதது, ஒரு தகப்பன் ஏதோ முணுமுணுத்தார். மச்சான் எவரையும் பார்க்கவில்லை. வேறொரு எஞ்ஜினைக் கொண்டுவந்து பூட்டினார்கள், அதே பிள்ளையை முதல் பெட்டியில் ஏற்றினார்கள். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்: "தண்ணி கண்ணாடியில தெரியாட்டி நெருப்ப வெளியே இழு. ஹிங்குரானயில முதல் நாள் படிச்சுத் தந்தது இதுதான் தம்பி. நெருப்புக்கு மேலால இருக்கிற தகட்டை தண்ணி மூடிக்கொண்டு இருக்கணும். அது காய்ஞ்சா இரும்பு இளகிரும். அந்தப் பெட்டியில இருந்தது ஆரோ பெத்த புள்ளயள்."

லுஹர் நேரம் வந்தது. கை கால்களைக் கழுவி வுழூ செய்துகொண்டு, எஞ்ஜின் கொட்டகைக்குப் பின்னால் இருவருமாக ஜமாஅத்தாகத் தொழுதோம். விரிப்பு ஏற்கனவே அங்கே ஓர் ஆணியில் தொங்கியது. மச்சானுடையதுதான். நாங்கள் தொழுது முடிக்கும்வரை அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் எழாமல் ஒருவர் பார்த்துக்கொண்டார். அவர் எந்த மதம் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு என் பயான் நினைவு வந்து கூச்சமாக இருந்தது. சகோதரிகளே, பாதையில் கிடக்கிற முள்ளை அகற்றுவதும் ஸதகா என்று வருடாவருடம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால் நம் நாயகம் (ஸல்) அவர்கள் சுஜூதை நீட்டியதையும், ஹபஷாக்காரர்களின் ஈட்டி விளையாட்டை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அலுக்கும்வரை பார்க்கவிட்டு நின்றதையும் சொல்லிக்கொடுக்கிறவன். வீண் விளையாட்டு என்ற சொல்லை மச்சான் மீது வீசும்போது இவை ஒன்றும் என் ஞாபகத்துக்கு வரவில்லை. ஹதீஸ் கிதாபு வேறு அலமாரியிலும் மச்சான் வேறு அலமாரியிலும் இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் நினைத்தேன். நம் ஊர்களில் நாமும் சங்கங்கள் தொடங்குகிறோம். பெரிய பந்தல், பொன்னாடை, தலைவர், உபதலைவர், மூன்று செயலாளர். ஒரு வருடத்தில் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அந்தப் பூங்காவில் தலைவர் யார் என்று நான் கடைசிவரை அறியவில்லை. ஆனால் சாம்பல் வழிப்பது யார், சல்லி போடுவது யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மாலையில் திரும்பும்போது காரில் மச்சானே பேச்சைத் தொடங்கினார். "உம்மா அனுப்பித்தான் நீங்க வந்தீங்க என்று எனக்குத் தெரியும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "உங்கட ராத்தா இருக்கக்குள்ள ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பெட்டி அவதான் கட்டித் தருவா. வாறவங்களுக்கும் சேர்த்து வைப்பா. அவ போன பிறகு ரெண்டு மாசம் நான் இங்க வரல்ல. பிறகு ஒருநாள் இங்கேயிருந்து ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க. ஆறுதல் ஒண்டும் சொல்லல்ல. பொயிலர் குழாய் மாத்தணும், உங்களுக்குத்தான் அது தெரியும், எப்ப வருவீங்க எண்டு கேட்டாங்க." கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டில எல்லாரும் என்னைப் பத்திரமாத்தான் பார்க்கிறாங்க தம்பி, அல்ஹம்துலில்லாஹ். ஆனா ஒரு வேலைக்கு என்னை எதிர்பார்க்கிறது இங்க மட்டும்தான். ஊருக்கு வந்தா உம்மா என்னைக் கதிரையில இருத்தி வைப்பாங்க."

உண்மைதான், வைப்பார்கள். நானும் வைப்பேன். நம் வீடுகளில் வயதானவருக்கு நாம் செய்கிற மரியாதையே அதுதானே. "நீங்க இரிங்க வாப்பா, நாங்க பார்க்கிறம்" என்று சொல்லிச் சொல்லி அவர் கையிலிருந்த ஒவ்வொன்றாக வாங்கி வைத்துவிடுகிறோம். அன்றிரவு மருமகளிடம் இதைச் சொன்னேன். மறுநாள் அவள் குசினியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைக் காட்டி, "வாப்பா, இதைக் கொஞ்சம் பாருங்களன்" என்றாள். பிளம்பருக்குச் சொல்லி வைத்திருந்ததை நிறுத்திவிட்டாள். அவர் ஸ்பேனரைத் தேடி எழுந்து போனார்.

மூன்றாவது ஞாயிறும் போனேன். இம்முறை எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள், பெட்டிகளைத் துடைப்பது. ஒரு மௌலவி ஜுப்பாவைச் சுருட்டிக்கொண்டு பெட்டி துடைப்பதை மருமகள் படமெடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டாள். மத்ரஸாவில் அது எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்ததை வந்த பிறகு அறிந்தேன்.

தனியாகத் திரும்பினேன். உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று விமானத்தில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். நெருப்பை இழுத்துப் போட்டதைச் சொன்னபோது மட்டும் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"எவ்வளவு குடுக்கிறாங்க அவருக்கு?"

"ஒண்டும் இல்ல உம்மா."

"ஒண்டுமே இல்லயா?"

"இல்ல."

உம்மா வெகுநேரம் பேசவில்லை. நிக்காஹ் பேச்சையும் எடுக்கவில்லை. மறுநாள் அஸருக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு, மருதமுனைக் கைத்தறித் துவாய் இரண்டு வாங்கி மச்சானுக்கு அனுப்பச் சொன்னார்கள். நெருப்புக்கு முன்னால் நிற்கிற மனிசன், வேர்வை துடைக்கக் கடைத் துணி சரிவராது என்றார்கள். நிறம் மட்டும் கறுப்பாக இருக்கட்டும், கரி தெரியாது என்றும் சொன்னார்கள்.