சூட்கேசுக்குள்ள வாறது

கலைவரலாற்று ஒப்படைக்காகத்தான் சுன்னாகத்தில ஓர் ஓவியரிட்டப் போனன். ஸ்டூடியோ என்று பெரிசா நினைச்சிருந்தன். வளவின்ர பின்பக்கம், மாட்டுக்கொட்டிலோட ஒட்டின தகரக் கொட்டகை. மழைச்சத்தத்தில அவர் கதைச்சது பாதி கேக்கேல்ல.

கீறி வச்சிருந்த ஒரு படமும் கொப்பித்தாளை விடப் பெரிசில்லை. 'சிறு வடிவங்கள் மீதான அழகியல் நாட்டம்' என்று உடனே குறிப்பும் எழுதியிட்டன் (எங்கட பீடத்து வியாதி). பிறகுதான் கேட்டன்: "ஏன் ஐயா, பெரிசாக் கீறுறேல்லையே?"

"தொண்ணூற்றைஞ்சில பெரிசு எல்லாத்தையும் சுவரோட விட்டிட்டுத்தான் வெளிக்கிட்டது, பிள்ளை. இப்ப சூட்கேசுக்குள்ள வாறதைத்தான் கீறுறன்."

1995 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணமும் வலிகாமமும் ஒரே இரவில வெளிக்கிட்ட நாள். நான் பிறக்கவேயில்லை. இடம்பெயர்ந்த சனம் ஞாபகத்திலிருந்து கீறின வீட்டுப் படங்களை வச்சு தா. சனாதனன் 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற புத்தகம் செய்தவர். அதைப் புரட்டேக்க அறைகளையும் கிணத்தையும்தான் பார்த்தன். அந்தச் சுவர்களில என்ன தொங்கினது என்று யோசிக்கேல்ல.

விட்டதில எது பெரிசு என்று கேட்டன்.

"கீரிமலைக் கேணி" என்று ரெண்டு கையையும் விரிச்சார். காணேல்ல. எழும்பி, கதவடியிலிருந்து கொட்டகையின்ர மற்ற மூலை மட்டும் நடந்து காட்டினார்.