விழுந்தவனை அடிக்கக்கூடாது

எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் நின்று எட்டு வருடங்களாகின்றன. கார் வெளியே பனியில் நிற்கிறது. உள்ளே மூத்தவனின் இரும்புகள் இருக்கின்றன. தலைக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று, முழங்கைக்கும் முழங்காலுக்கும் தனித்தனியாக, விரல்களுக்குக்கூட வேறாக. குளியலறைத் தராசில் வைத்து ஒருநாள் நானே நிறுத்துப் பார்த்தேன். 28 கிலோ. அரை மூடை சீமெந்துக்கும் மேலே. இதைப் போட்டுக்கொண்டுதான் அவன் ஓடுகிறான், அடிக்கிறான், அடி வாங்குகிறான்.

வீட்டுக்கு வருகிற எங்கடை ஆட்கள் கராஜை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, தம்பி கூத்து ஏதும் ஆடுறானோ?" என்று கேட்பார்கள். ஊரில் நாட்டுக்கூத்துக்குப் போடுகிற கிரீடமும் புயகீர்த்தியும் ஞாபகம் வரும்போல. "இல்லை, உண்மையாவே அடிபடுறவன்" என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் சிரிக்காததைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள். சிலர் மனிசியைத் தனியாகக் கூப்பிட்டு, பெடியனுக்கு ஒரு கலியாணத்தைப் பேசிச் செய்துவையுங்கோ, எல்லாம் சரிவரும் என்று புத்தி சொன்னதுமுண்டு.

விளையாட்டின் பெயர் பூஹுர்ட். மத்தியகால ஐரோப்பாவில் வீரர்கள் கூட்டமாக மோதிப் பழகிய ஆட்டத்தின் பெயர் அது. ஆட்டம்தான் என்றாலும் அந்தக் காலத்துப் போட்டிகளில் ஆட்கள் செத்தார்கள். 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம், இப்படியான போட்டிகளில் சாகிறவனுக்குத் தேவாலய அடக்கம் கிடையாது என்று தடைபோட்டது. ஒருவரும் கேட்கவில்லை. 1559இல் பிரான்சின் அரசன் இரண்டாம் ஹென்றி, மகளின் கலியாணக் கொண்டாட்டத்தில் குதிரையேறி ஈட்டி விளையாடப் போய், உடைந்த ஈட்டியின் சிராய் முகத்தில் ஏறிப் பத்தாம் நாள் செத்துப்போனான்.

இன்றைய விளையாட்டு அந்த ஆட்டங்களின் பேரப்பிள்ளை. சரித்திரக் கவசங்களைத் தாங்களே செய்து போட்டுக்கொண்டு மோதிய கிழக்கு ஐரோப்பியக் கிளப்புகளிலிருந்து வளர்ந்தது. 2010இல், உக்ரைனில் ட்னீஸ்டர் ஆற்றங்கரையில் இருக்கிற ஹோட்டின் கோட்டையில், 'நாடுகளின் போர்' என்ற பெயரில் முதலாவது பெரிய சர்வதேசப் போட்டி நடந்தது. வந்தவை நான்கே நாடுகள். ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், போலந்து. இந்த நான்கு பெயர்களையும் மனதில் வைத்திருங்கள். பிறகு வருகிறேன்.

நான் இதை முதன்முதலில் கண்டது 2017இல். அந்த வருடம் மத்தியகாலச் சண்டைக்கான உலகக்கிண்ணம் ஒன்று டென்மார்க்கில், ஸ்கீவ நகரத்துக்குக் கிட்ட இருக்கிற ஸ்பொட்ரூப் கோட்டையில் நடந்தது. சிவப்புச் செங்கல் கோட்டை, சுற்றிவர இரண்டு அகழி, நடுவில் உயர்ந்த மண் அணை. பழைய காலத்தில் ஒரு பிஷப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அரண் கட்டிக்கொண்டு இருந்த இடம். மூத்தவனுக்கு அப்போது 21 வயது. எலக்ட்ரீசியன் வேலை பழகிக்கொண்டிருந்தான். அவனுடைய காருக்குப் பிரேக் பழுது. நான் டிரைவராகத்தான் போனேன்.

மரவேலி அடித்த ஒரு சதுரம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். கையில் வாள், கோடரி, நீளக் காம்பு வைத்த ஆயுதங்கள். எல்லாம் இரும்பு. விளிம்பு மட்டும் மழுங்கடித்தது. நடுவர் கத்தினதும் பத்துப் பேரும் ஓடிவந்து மோதினார்கள். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? இருபது தகரக் கடைகளை ஒரே நேரத்தில் மாடியிலிருந்து தள்ளிவிட்டதுபோல. சனம் கைதட்டியது. என் கை வேலிக்கட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது எனக்கே தெரியவில்லை.

எனக்கு ஒரு சந்தி ஞாபகம் வந்தது.

1986 சித்திரை. எனக்கு இருபது வயது. ஒரே மைதானத்தில் பந்தடித்த எங்கள் ஊர்ப் பெடியள் வேறுவேறு இயக்கங்களில் இருந்தார்கள். ஒருநாள் ஒரு இயக்கம் மற்ற இயக்கத்தை இல்லாமல் செய்ய வெளிக்கிட்டது. எது எதை என்று எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அந்தப் பெயர்கள் இன்னொரு சண்டைக்குத்தான் உதவும். நான் கடை ஒன்றுக்குள் அரிசி மூடைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். எதிர்ப்பக்க மதிலோடு ஒருவன் விழுந்தான். காலில் வெடி. கையில் இருந்ததைத் தூர எறிந்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினான். "அண்ணை" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். துவக்கோடு வந்தவன் எங்கள் இரண்டு பேரோடும் கிளித்தட்டு விளையாடியவன். மிச்சத்தை எழுத எனக்கு இன்றைக்கும் ஏலாது. இரண்டு வருடத்தில் நான் டென்மார்க்கில் அகதி.

ஸ்பொட்ரூப்பில் வேலியோரமாக ஒருவனை மூன்று பேர் நெருக்கினார்கள். கோடரி தலைக்கவசத்தில் மாறிமாறி விழுந்தது. ஒருவன் இடுப்பைப் பிடித்து இழுக்க ஆள் விழுந்துவிட்டான். கோடரிக்காரனின் கை மேலே ஓங்கியபடி நிற்கிறது. நான் கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால், ஓங்கிய கோடரி அப்படியே திரும்பி, நிற்கிற இன்னொருவனைத் தேடிப் போகிறது. விழுந்தவன் ஆடாமல் அசையாமல் கிடக்கிறான். அவனைத் தாண்டித் தாண்டிச் சண்டை நடக்கிறது. அவனை ஒருவரும் தொடவில்லை.

"ஏன் அவனை அடிக்கேல்லை?" என்று மகனைக் கேட்டேன்.

"அவன் அவுட் அப்பா. விழுந்தால் முடிஞ்சுது."

"முழங்காலிலை நிண்டால்?"

"அதுவும் அவுட்தான். ரெண்டு பாதத்தைவிட வேறை ஏதும் நிலத்திலை முட்டினால் அவுட்."

"அவன் எழும்பி வந்து பின்னாலை அடிச்சால்?"

"எழும்பக்கூடாது. அப்படியே கிடக்கவேணும். அதுதான் அவனுக்குப் பாதுகாப்பு."

கிளித்தட்டில் தொடுபட்டவன் வெளியே போவதைப் போல. இவ்வளவுதானா விதி என்று யோசித்தேன். பேந்துதான் விளங்கியது, இவ்வளவும் இல்லாமல்தான் எங்கள் சந்தியில் ஒருவன் செத்தான்.

வேறு விதிகளும் உண்டு. குத்தக்கூடாது, வீச்சு மட்டும்தான். பிடரி, முழங்காலின் பின்பக்கம், கவட்டுப்பக்கம், பாதம், இவற்றுக்கு அடிக்கக்கூடாது. கவசம் சும்மா இரும்பாக இருந்தால் போதாது, சரித்திரத்தில் அப்படியொன்று இருந்ததற்கு ஆதாரம் இருக்கவேண்டும். கடைசியில் எந்தப் பக்கத்து ஆட்கள் நிற்கிறார்களோ அந்தப் பக்கம் அந்தச் சுற்றை வென்றது. மூன்றில் இரண்டு எடுத்தால் வெற்றி. சுற்று முடிந்ததும் விழுத்தினவனே விழுந்தவனைக் கை கொடுத்துத் தூக்குகிறான். பாரத்தோடு தானாக எழும்புவது கஷ்டம்.

திரும்பி வரும்போது காரில் மகன் சொன்னான், தான் கிளப்பில் சேரப்போவதாக. நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் மனிசி சொன்னாள்.

"ஊரிலை பெடியளைச் சண்டைக்குக் கொண்டுபோடுவாங்களெண்டு பெட்டைச்சட்டை போட்டு ஒளிச்சுவைச்ச சனமடா நாங்கள். நீ காசு குடுத்து அடிவாங்கப் போறியோ?"

நான் அதைவிட மோசமாகச் சொன்னேன். சண்டையைக் காணாத வெள்ளைக்காரனுக்கு அது விளையாட்டு, அகதியின் பிள்ளைக்கு அது வெட்கக்கேடு என்றேன். அவன் கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா, நீங்கள் எனக்கு ஒண்டும் சொன்னதில்லை. நீங்கள் எதுக்கோ பயப்பிடுறது தெரியும். எதுக்கெண்டு தெரியாது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு நான் பனங்கொட்டை கிண்டிய கதை சொல்லியிருக்கிறேன், கோயில் திருவிழா சொல்லியிருக்கிறேன். சந்தியைச் சொல்லவில்லை. ஆறு மாதம் நாங்கள் அவ்வளவாகக் கதைக்கவில்லை. அதற்குள் கராஜில் கார் வெளியே வந்து இரும்பு உள்ளே போயிருந்தது. முதல் வருடமே சின்னவிரல் முறிந்தது. மனிசி ஆஸ்பத்திரியில் அழுதாள், அவன் சிரித்தான்.

2019 ஆவணியில் அவன் எங்கள் இரண்டு பேரையும் சுவீடனின் கொட்லாந்துத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே விஸ்பி நகரத்தில் ஒவ்வொரு வருடமும் மத்தியகால வாரம் கொண்டாடுகிறார்கள். 1984இல் தொடங்கியது. ஊர் முழுக்கப் பழங்கால உடுப்போடு சனம். அவனுக்கு வேண்டியது அங்குள்ள மியூசியம். அவன் போடுகிற நெஞ்சுக்கவசத்தின் அசல் அங்கேதான் இருக்கிறதாம். துணிக்கு உள்ளே இரும்புத் தகடுகளை வரிசையாக ஆணியடித்துச் செய்வது. இந்த விளையாட்டுக்காரர்களில் கனபேர் அதையே பார்த்துச் செய்விக்கிறார்கள்.

அந்தக் கவசங்கள் எங்கிருந்து கிடைத்தன என்று அவன் சொல்லியிருக்கவில்லை. 1361 ஆடி 27. டென்மார்க் அரசன் வல்டமார் அட்டர்டாக் படையோடு வந்தான். விஸ்பியின் மதிலுக்கு வெளியே கொட்லாந்து விவசாயிகள் அவனை மறித்தார்கள். பெடியளும் கிழவர்களும் அதில் இருந்தார்கள். நகரத்துக்காரர் வாசலைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். வெளியே நின்றவர்கள் வெட்டுப்பட்டார்கள். கோடை வெயிலில் பிணங்கள் பழுதாகிவிட, கவசங்களைக் கழற்றக்கூட நேரமில்லாமல் குழிகளில் போட்டு மூடினார்கள். 1905இலிருந்து 1930 வரை குழிகளைத் தோண்டி எண்ணியபோது 1185 பேரின் எலும்புகள். பெரும்பாலான வெட்டுகள் காலில்.

கண்ணாடிக்குள் ஒரு மண்டையோடு, இரும்புச் சங்கிலித் தொப்பி போட்டபடி. அதன் முன்னால் நின்று கணக்குப் பார்த்தேன். என்னுடைய பாஸ்போட்டின்படி நான் வென்ற பக்கம். ஆனால் கால்கள் மதிலுக்கு வெளியே நின்றவர்களோடு நின்றன. முதலில் காலில் வெட்டு. ஆள் விழுகிறான். அதற்குப் பிறகு தலையில்.

"தம்பி, இஞ்சை வா" என்று கூப்பிட்டு அந்த இடத்திலேயே சந்தியைச் சொன்னேன். முதற்தடவையாக. மதில், கால், தூக்கிய கைகள், கூப்பிட்ட பெயர், எல்லாம். மனிசிக்கும் அது புதிது. அவன் குறுக்கே பேசவில்லை. கடைசியில் மட்டும் கேட்டான்: "அந்த அண்ணாவைப் பேந்து ஆர் எடுத்தது?" ஒருவருக்கும் தெரியாது என்றேன். 2025இல் செம்மணியில் மண்ணைத் தோண்டி எலும்புக்கூடுகளுக்கு இலக்கம் போடத் தொடங்கியபோது அவன் எனக்குப் போன் எடுத்தான். விஸ்பியை நினைத்துத்தான் எடுத்தான் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

இனி அந்த நான்கு நாடுகள். ஹோட்டினில் ரஷ்யரும் உக்ரேனியரும் ஒருவரையொருவர் கோடரியால் அடித்து, விழுத்தி, கை கொடுத்துத் தூக்கினார்கள். பிறகு வேறு இடங்களிலும் அதைச் செய்தார்கள். 2014இல் கிரைமியா போனது. 2022 மாசி 24 வந்தது. இந்த விளையாட்டின் உக்ரைன் வீரர்கள் கனபேர் துவக்குத் தூக்கினார்கள். மகனின் தலைக்கவசத்தைச் செய்தவர் உக்ரைனில் ஒரு பட்டறைக்காரர். ஒரு கைக்கவசத்துக்கு ஓடர் கொடுத்திருந்தான். பங்குனியில் அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. இப்போது சன்னம் தாங்குகிற தகடு அடிக்கிறேன், உன்னுடையது பிந்தும், மன்னிக்கவும். மகன் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

விதியுள்ள சண்டையைப் பழகினால் விதியில்லாத சண்டை வராது என்று நான் இடையில் கொஞ்சக்காலம் நம்பியிருந்தேன். அது பிழை. கிளித்தட்டு விளையாடினதால் எங்கள் சந்தியில் ஒன்றும் தடைப்படவில்லை, ஹோட்டினால் அங்கேயும் தடைப்படவில்லை. இந்த விளையாட்டுக்காரர்களும் புனிதர்கள் இல்லை. கோபத்தில் விழுந்தவனுக்கு ஒன்று போடுகிறவனும் இருக்கிறான். ஆனால் அப்போது நடுவர் அட்டையைத் தூக்குகிறார், வேலிக்கு வெளியே நிற்கிற சனமே கூச்சல் போடுகிறது. 1986இல் எங்கள் சந்தியைச் சுற்றி முப்பது நாற்பது பேர் ஒளிந்திருந்து பார்த்தோம். ஒருவரும் கூச்சல் போடவில்லை. நானும் போடவில்லை. நாங்கள் வாசலைப் பூட்டிக்கொண்ட விஸ்பிக்காரர்.

மகனுக்கு இப்போது முப்பதாகப் போகிறது. போன கோடையிலும் இறங்கினான். இந்தக் கவசத்தைத் தனியாகப் போடமுடியாது. முதுகுப்பக்கத்து வார்களை இன்னொருவர்தான் இழுத்துப் பூட்டவேண்டும். முன்பு கிளப் பெடியன் ஒருவன் செய்வான். இப்போது நான். மீன் பக்டறியில் முப்பது வருடம் நின்ற விரல்கள், குளிருக்கு விறைக்கும். என்றாலும் பூட்டுவேன்.

"இன்னும் இறுக்குங்கோ அப்பா."

"மூச்சு விடேலுமோ?"

"ஓம்."

வேலிக்கு வெளியே வந்து நிற்கிறேன். இப்போதெல்லாம் கண்ணை மூடுவதில்லை. விழுந்தவன்மேல் எவனாவது கையை ஓங்கினால், அது எங்கள் பக்கத்துக்காரனாக இருந்தாலும், முதலில் கத்துகிற கிழவன் நான்தான். மகனுக்கு அது வெட்கம். டெனிஷ்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.