நடுவில் ஓர் ஆள்

என் தாயாருக்கு வயது 84. யார் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். "உங்கள் அம்மாவுக்குத்தான் என்ன சாந்தம்!" என்று சொல்லாத விருந்தாளி கிடையாது. அந்தச் சாந்தத்தில் முக்கால் பங்கு காது கேளாமைதான் என்பது வீட்டிலிருக்கும் எங்களுக்குத் தெரியும். காது மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். "இதை மாட்டினால் உலகமே விசில் அடிக்கிறதடா" என்று அதைக் கற்பூர டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டாள்.

ஜாம்ஷெட்பூரில் இருக்கும் என் சித்தி, இரண்டு நாளைக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவது வழக்கம். நான் போனை அம்மாவின் காதருகே பிடிப்பேன். அம்மா தலையை ஆட்டுவாள். நான் பத்திரிகைக்குள் தலையை நுழைத்துக்கொள்வேன். கடமை முடிந்தது.

ஒருநாள் அம்மா, "என்னடா இது, கொசு மாதிரி ஞொய்யென்கிறாளே!" என்றாள். யோசித்துப் பார்த்தேன். வயதானால் முதலில் போவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் சக்திதான். 'ச'வும் 'த'வும் அதோடு மங்கிவிடும். போனில் இருக்கும் பட்டாணி அளவு ஒலிபெருக்கியோ கீச்சொலியை மட்டுமே தாராளமாகத் தரும். அம்மாவிடம் இல்லாததை அது கேட்டது. அம்மாவிடம் இருந்ததற்கு அது ஒன்றும் தரவில்லை.

கூடத்தில் என் கம்ப்யூட்டருக்கு இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள் உண்டு. போனில் கம்பி சொருகும் துவாரம் கிடையாது. ஆகவே புளூடூத் மூலம் சித்தியின் குரலைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது என்று தீர்மானித்தேன்.

பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசருக்கு 'நீலப்பல்' என்று பட்டப்பெயர். டேனியரையும் நார்வேக்காரரையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தவர் என்று பேர் பெற்றவர். வெவ்வேறு கருவிகளைச் சேர்த்துவைக்கும் இந்த வித்தைக்கு 1997-இல் அவர் பெயரை முன்மொழிந்தவர் ஜிம் கார்டாக் என்ற இன்டெல் பொறியாளர். அரசருக்கு நார்வே எவ்வளவு சிரமம் கொடுத்ததோ, எனக்குக் கூடம் அதற்குக் குறைவில்லை.

காரணம், என் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஆரம்பித்தது. என் மருமான்தான் அதைப் போட்டுக் கொடுத்தான். "இது எந்தக் கம்பெனிக்கும் அடிமை இல்லை, மாமா!" என்றான். உண்மைதான். யாருக்கும் அடிமையல்லாதவனிடம் வேலை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

முதல் முயற்சியில் போனும் கம்ப்யூட்டரும் ஆறு இலக்க எண்ணைக் காட்டி, 'இது சரிதானா?' என்று கேட்டன. சரி என்றேன். ஜோடி சேர்ந்தாயிற்று என்று இரண்டும் அறிவித்தன. அடுத்த கணமே 'இணைக்க முடியவில்லை' என்றது போன். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு சம்பந்திகள் முறைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

மருமானைக் கூப்பிட்டேன். "இரண்டு பக்கத்திலும் பழசை மறக்கச் சொல்லுங்கள், மாமா. ஒன்று மட்டும் மறந்தால் போதாது. ஒருவரிடம் பழைய சாவியும் மற்றவரிடம் புதுப் பூட்டும் இருந்தால் கதவு திறக்காது" என்றான். அப்படியே இரண்டிலும் அழித்துவிட்டு மறுபடி ஜோடி சேர்த்தேன். ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்காதபடி, 'நம்பு' என்று தனியாக ஓர் ஆணையும் இட்டேன். நம்பின, ஆனாலும் பேசவில்லை.

என் மனைவி எட்டிப் பார்த்து, "இந்நேரத்துக்கு ஜாம்ஷெட்பூருக்கே போய் வந்திருக்கலாம்" என்றாள்.

கடைசியில் மருமானே விஷயத்தைக் கண்டுபிடித்தான். புளூடூத் இணைப்பைக் கவனிப்பது புளூஸீ என்ற நிரல். ஒலியைக் கவனிப்பது பைப்வயர் என்ற வேறொரு நிரல். இந்த இருவருக்கும் நடுவில் ஒரு சிறு பாகம் வேண்டும். டெபியன் வகையில் அது தனிப் பொட்டலம், பெயர் லிப்ஸ்பா-0.2-புளூடூத். என் கம்ப்யூட்டரில் அது இல்லை. 'ஒலியை வாங்கிக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறது' என்று சொல்ல எவரும் இல்லாததால், புளூஸீ கையை விரித்துவிட்டது. போன் பேரிலும் குற்றமில்லை, கம்ப்யூட்டர் பேரிலும் குற்றமில்லை. நடுவில் ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாகத்தைப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றினேன். போனில் சித்தியின் கடைசிச் செய்தியைத் தொட்டதும் கூடம் முழுவதும் அவள் குரல் நிறைந்தது.

"அக்கா, மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கண் ஆபரேஷனுக்கு முன்னால் உன்னிடம் வந்து ஒரு மாதம் இருக்கட்டுமா என்றேன். நீ பதிலே சொல்லவில்லை. என் பேரில் ஏதாவது கோபமா?"

அம்மாவின் தலை ஆடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நான் எப்போதடா கோபித்துக்கொண்டேன்? மூன்று வாரமாகவா கேட்கிறாள்? எனக்குத்தான் காது இல்லை. நீ பக்கத்திலேதானே இருந்தாய்?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன், பத்திரிகையோடு. ஒவ்வொரு செய்தியையும் என் கையால்தான் ஓடவிட்டேன். ஒன்றையாவது நான் கேட்டிருந்தால், உரக்க நாலு வார்த்தை சொல்லியிருந்தால், போதும். இரண்டு நாள் ராத்திரி கண்விழித்து, நடுவில் எந்த ஆள் குறைகிறான் என்று யந்திரத்துக்குள் தேடிக்கொண்டிருந்தேன் பாருங்கள்!

புளூடூத்தில் பாட்டும் குரலும் இப்படிப் போகும் ஏற்பாட்டுக்கு ஏ-2-டி-பி என்று பெயர். அது ஒருவழிப் பாதை. கேட்கலாம், பதில் பேச முடியாது. ஆகவே போனை எடுத்து அம்மாவின் வாய்க்கு அருகே பிடித்தேன். "உடனே புறப்பட்டு வா" என்று அவள் போட்ட சத்தத்துக்கு எந்த யந்திரமும் தேவைப்பட்டிருக்காது.

அடுத்த வாரம் சித்தி வருகிறாள். அவளுக்கும் இப்போது காது கொஞ்சம் மந்தம் என்று கேள்வி. ஒரு மாதத்துக்குப் பத்திரிகையை நிறுத்திவிட்டேன்.