உயிலங்குளத்தில் ஒரு போத்தல் கச்சான் பட்டர்

மன்னார் பஸ் நிலையத்தில் ஏறி, பாலம் கடந்து, தள்ளாடி தாண்டி, திருக்கேதீச்சரத்துக்குத் திரும்பும் சந்தியையும் விட்டு இன்னும் சற்றுத் தூரம் போனால் உயிலங்குளம். மதவாச்சி வீதியால் முருங்கனுக்குப் போகிறவர்கள் கண்மூடி விழிப்பதற்குள் கடந்துவிடுகிற ஊர். என் வயதுக்காரருக்கு அப்படிக் கடக்க முடிவதில்லை. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு இங்கேதான் சோதனைச் சாவடி இருந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, நடந்து மறுபக்கம் போய் ஏறுவோம். அந்த நாட்களில் மச்சாள் வீட்டுக்கு மாப்பெட்டி கொண்டுபோவதே பெரிய காரியம். இன்று பஸ் அந்த இடத்தில் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.

கடந்த ஆவணியில், மடு மாதா திருவிழா முடிந்த கையோடு நான் போனபோது வயல்களில் ஒட்டுத்தாள்தான் நின்றது. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை நம்பி விளைகிற பூமி இது. மழை பெய்தால் காலை விடாமல் பிடிக்கிற களிமண், வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது.

மச்சாளின் மகள் தன் மகனுடன் தாய் வீட்டில் இருந்தாள். பிள்ளைக்கு மூன்று வயது. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்து, பதிவேட்டில் அவனுடைய கோடு பச்சைப் பகுதியை விட்டுக் கீழே இறங்கிவிட்டதென்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்லியிருக்கிறார். 2021, 2022 இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பிறந்த பிள்ளை. அதே வீட்டில் அண்ணைக்கு, அதாவது மச்சாளின் கணவருக்கு, பத்து வருடமாக நீரிழிவு, பிரஷரும் இருக்கிறது. ஒருவர் நிறை ஏறவேண்டும், மற்றவர் சீனியும் உப்பும் குறைக்கவேண்டும். இரண்டு பேருக்கும் காலையில் பாண்தான்!

நான் வெறுங்கையோடு போகவில்லை. மன்னார் கடையொன்றில் பீனட் பட்டர் போத்தல் ஒன்று வாங்கியிருந்தேன். கச்சான்தானே, சத்துத்தானே என்பது என் கணக்கு. பிள்ளை விரலை விட்டு நக்கினான், இன்னும் கேட்டான். எனக்குப் பெருமை. அண்ணையும் இரண்டு துண்டுப் பாணில் தடிப்பாகப் பூசிச் சாப்பிட்டார். பிறகுதான் மருமகள் போத்தலைத் திருப்பி, பொடி எழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"மாமி, கச்சானுக்கு அடுத்ததாய் சீனி போட்டிருக்கு. பிறகு தாவர எண்ணெய். பிறகு உப்பு."

சகோதரிகளே, நான் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்திருக்கவேண்டிய எழுத்து அது. சேர்மானங்களை நிறை கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாகத்தான் எழுதுவார்கள். இரண்டாவது இடத்தில் சீனி இருந்தால், கச்சானுக்கு அடுத்தபடியாக அந்தப் போத்தலில் நிறையக் கிடப்பது சீனி. "கச்சான்" என்று மட்டும், அல்லது "கச்சான், உப்பு" என்று எழுதியிருந்தால் அது நல்ல போத்தல். "கொழுப்புக் குறைந்தது" என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போட்ட போத்தலில் ஏமாறவேண்டாம். எடுத்த கொழுப்புக்குப் பதிலாக மாப்பொருளோ சீனிப்பாகோ சேர்ப்பதுண்டு, கலோரி பெரிதாகக் குறைவதில்லை. கச்சானின் நிறையில் ஏறக்குறையப் பாதி கொழுப்புத்தான். அதில் பெரும்பகுதி இருதயத்துக்குக் கெடுதல் செய்யாத வகை. அதைக் கழற்றிவிட்டுச் சீனியை ஏற்றுவதில் என்ன இலாபம்?

அந்தத் தாவர எண்ணெய் ஏன் வருகிறது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. அரைத்த கச்சானை வைத்திருந்தால் எண்ணெய் மேலே மிதக்கும், அடியில் இறுகும். கடைக்காரனுக்கு அது தலையிடி. 1920களில் அமெரிக்காவில் ஜோசப் ரோஸ்பீல்ட் என்பவர், எண்ணெயில் ஐதரசன் ஏற்றிக் கெட்டியாக்கினால் பிரியாது என்று கண்டு அதற்குக் காப்புரிமை எடுத்தார். அரைகுறையாக ஐதரசன் ஏற்றிய எண்ணெயில்தான் ட்ரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது இருதயத்துக்குக் கூடாதென்று தெளிவாகி, உணவிலிருந்து அதை ஒழிக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2018 இல் நாடுகளைக் கேட்டது. இப்போது பல கம்பனிகள் முழுமையாக ஐதரசன் ஏற்றியதையோ பாம் எண்ணெயையோ சேர்க்கின்றன. ட்ரான்ஸ் குறைவு, ஆனால் உறைகொழுப்பு இருக்கிறது. அமெரிக்காவில் எவ்வளவு எண்ணெய் கலக்கலாம் என்று கம்பனிகளும் அரசும் பன்னிரண்டு வருடம் இழுபறிப்பட்டு, 1971 இல்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கச்சான் இருக்கவேண்டுமென்ற விதி வந்ததாம். நாங்களோ மேலே எண்ணெய் மிதக்கும் போத்தலைக் கண்டால் "பழுதாப்போச்சு" என்று திருப்பிக் கொடுக்கிறோம். அதுதான் கலப்பில்லாத போத்தலின் அடையாளம்! கரண்டியால் ஒரு கிளறு போதும்.

மச்சாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா, "மடுவில கடை போட்ட ஒருவரிட்ட வறுக்காத கச்சான் நாலு கிலோ விலை பேசி வாங்கி வைச்சிருக்கிறன். நாங்களே அரைப்பம், மச்சாள்."

வீட்டைச் சுற்றி இவ்வளவு காணி இருக்க ஏன் வாங்கவேண்டும் என்று கேட்டேன். சிரித்தா. கச்சான் பூ மேலே பூத்து, காம்பு மண்ணுக்குள் இறங்கித்தான் காய்க்கும். பொலபொலப்பான மணல்தரை வேண்டும். உயிலங்குளத்துக் களியில் பிடுங்கினால் செடி மட்டும் கையில் வரும். காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். நெல்லுக்கு நல்ல மண் கச்சானுக்கு ஆகாது.

அன்று பின்னேரம் சுளகைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கோது உடைத்தோம். சூம்பினது, கறுத்தது, முளை விட்டது, பச்சையாகப் பூஞ்சணம் படர்ந்தது என்று ஒரு சிரட்டை நிறையச் சேர்ந்தது. மச்சாள் அதை எடுத்துக் கோழிக்கு வீசப் போனா. நான் கையைப் பிடித்துவிட்டேன்.

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்ததில், அவற்றுக்குப் போட்ட கச்சான் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணம் ஒரு நஞ்சை உண்டாக்கியிருந்தது. அதற்கு அப்ளாடொக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரலைத் தாக்கும், சிறிது சிறிதாகப் பல காலம் உடம்பில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்கு வழி. வறுத்தால் ஓரளவு குறையும், முற்றாகப் போகாது. கறவை மாடு தின்றால் பாலிலும் வரும். எங்களைப் போன்ற வெக்கை நாட்டில், மாரி மழையில் ஈரச் சாக்கில் கட்டி வைத்த கச்சானில் இது எளிதாகப் பிடிக்கும். ஆகையால் வீட்டில் அரைத்தது என்பதற்காக மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது. கடைக்காரனின் சீனியை விடப் பூஞ்சணம் மோசம். தெரிவு செய்யும் வேலையைச் சிறுபிள்ளைகளிடம் கொடுக்காமல், பகல் வெளிச்சத்தில், பெரியவர்களே செய்யுங்கள். வாயில் கசந்தால் துப்பிவிடுங்கள். கழித்ததைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடவேண்டாம். நாங்கள் குழி தோண்டித் தாட்டோம்.

முதல் வறுப்பு தோல்வி. அவசரத்தில் அடுப்பை எரியவிட்டு இரும்புச் சட்டியில் கிளறினோம். வெளியே கருகி உள்ளே பச்சை வாடை. அரைத்ததைப் பிள்ளை வாயில் வைத்த வேகத்திலேயே துப்பினான். வாங்கிய போத்தலைக் காட்டி அழுதான். அண்ணை மட்டும் "பரவாயில்லை" என்றார். அவருடைய முகம் அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மச்சாளுக்கு மடுக் கச்சான்காரரின் ஞாபகம் வந்தது. அவர்கள் மணலில் அல்லவா வறுக்கிறார்கள்! கழுவிக் காயவைத்த மணலை மண்சட்டியில் நன்றாகச் சூடாக்கி, மிச்சக் கச்சானைக் கோதோடு போட்டு, தணலில் விடாமல் கிளறினா. மணல் சூட்டை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கொடுக்கும். கோது இருப்பதால் மணல் பருப்பில் ஒட்டாது. மணம் வரத் தொடங்கியதும் ஒன்றை உடைத்து, பொன்னிறம் பார்த்து, அரித்து இறக்கினா. அடுப்பை விட்டு இறக்கிய பிறகும் உள்ளே வறுபட்டுக்கொண்டிருக்கும் என்பதால், சரியான நிறத்துக்குக் கொஞ்சம் முன்னரே எடுக்கவேண்டும். கோதுடைத்து, மறுபடியும் ஒரு தெரிவு பார்த்து, தோலைத் தேய்த்துப் புடைத்து, இளஞ்சூட்டோடு கிறைண்டரில் போட்டோம்.

இங்கே பொறுமை வேண்டும். முதலில் தூளாகும். பிறகு கட்டிபட்டு ஓரத்தில் ஒட்டும். இந்த இடத்தில்தான் பலர் தண்ணீரோ எண்ணெயோ விட்டுக் கெடுக்கிறார்கள். தண்ணீர் பட்டால் இறுகும், பழுதாகவும் தொடங்கும். கிறைண்டரை நிறுத்தி, வழித்துவிட்டு, மோட்டர் ஆறவிட்டு மறுபடி ஓடவிட்டால் தன் எண்ணெயைத் தானே விட்டு இளகி வரும். ஒரு சிட்டிகை உப்பும், வறுத்த எள்ளு இரண்டு கரண்டியும் சேர்த்தோம். எள்ளு மச்சாளின் யோசனை. அதுதான் மணத்தைத் தூக்கிவிட்டது.

சீனி போடுவதா விடுவதா என்ற வழக்கை மருமகள் தீர்த்து வைத்தாள். போத்தலுக்குள் போடாதே, பாணில் போடு! அண்ணையின் பாணில் வெறுமனே ஒரு மேசைக்கரண்டி, மெல்லியதாக. பிள்ளையின் பாணில் அதன் மேல் நசித்த கதலி வாழைப்பழம், அதற்கு மேல் துருவிய பனங்கட்டி ஒரு கிள்ளு. "பனங்கட்டி எனக்கும் ஒன்றும் செய்யாது" என்று அண்ணை கை நீட்டினார். பனங்கட்டியும் நீரிழிவுக்குச் சீனிதான் என்று மச்சாள் சட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டா. இரண்டு மேசைக்கரண்டி கச்சான் பட்டரில் ஏழெட்டுக் கிராம் புரதமும் ஏறக்குறைய 190 கலோரியும் இருக்கிறது. நிறை ஏறவேண்டிய பிள்ளைக்கு அது வரம். பெரியவர் அளவோடு நிற்கவேண்டும். சிறு பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் புரைக்கேறி ஆபத்தாகலாம். அரைத்ததையும் கட்டியாக ஊட்டாமல் மெல்லியதாகப் பூசிக் கொடுக்கவேண்டும். முதன்முதலில் கொடுக்கும்போது துளியளவு கொடுத்துப் பாருங்கள். சிலருக்குக் கச்சான் ஒத்துவராது. உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

பிள்ளை முதலில் வாழைப்பழத்தை மட்டும் நக்கினான். பிறகு ஓரத்தைக் கடித்தான். துப்பவில்லை. மூன்றாம் நாள், வாங்கிய போத்தல் எங்கே என்று கேட்கவும் இல்லை. அதை மருமகள் ஏற்கெனவே மா டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

நான் புறப்பட்ட அன்று மச்சாள் ஒரு ஜாம் போத்தலைக் கொதிநீரில் கழுவி, வெயிலில் ஈரம்போகக் காயவைத்து நிரப்பித் தந்தா. குளிர்சாதனப் பெட்டியில் வை, ஒரு மாதத்துக்குள் முடி, காறல் மணம் வந்தால் கொட்டிவிடு என்று மூன்று கட்டளை. பத்திரிகைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். தள்ளாடி தாண்டிப் பாலத்தில் ஏறும்போது கால் பிசுபிசுத்தது. மூடியின் ஓரத்தால் எண்ணெய் கசிந்து, பத்திரிகையின் கல்யாணப் பக்கம் முழுவதும் ஊறியிருந்தது. பக்கத்து ஆசனத்து அம்மா மூக்கை உறிஞ்சி, "எங்கயோ கச்சான் வறுக்கினம்" என்றா. பையைத் திறந்து காட்டினேன்.